முள் இறங்கும் நேரம்

மேலூர் செக்கடிப் பக்கம் ஒரு சந்தில் மாமாவின் ரேடியோ செட் கடை இருந்தது. வெளியூர்க்காரர்கள் ரேடியோ விற்கிற கடை என்று நினைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். நம் பக்கத்தில் ரேடியோ செட் என்றால் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போடுகிற ஆள். இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேப்பமரத்து உச்சியில் ஒருத்தன் குழாயைக் கட்ட, கீழே நின்று கயிறு பிடித்துக்கொண்டவர்களில் நீயும் ஒருத்தன்.

கடையின் பலகைக் கதவை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும்போதே அந்த வாசனை வந்துவிடும். வால்வு ஆம்ப்ளிஃபயர் சூடாகி அதன்மேல் படிந்த தூசி காய்கிற வாசனை. ஈயம் பற்றவைத்த புகை. பழைய 78 சுழற்சித் தட்டுகளின் அரக்கு வாசனை. இதற்கெல்லாம் மேலே, சந்துமுனைக் கரும்புச்சாறு மிஷினிலிருந்து வருகிற பச்சை வாசனை. இன்றைக்கும் எங்காவது பழைய ரேடியோவைத் திறந்து வைத்திருந்தால் அந்தப் பக்கம் போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நகர்கிறேன்.

தகரப் பெட்டிகளில் ரெக்கார்டுகள் இருக்கும். கல்யாணப் பெட்டி தனி, சாமிப் பெட்டி தனி, துக்க வீட்டுப் பெட்டி தனி. 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது அந்த ஈ.பி.யைப் போட்டுப் போட்டுத் தேய்ந்து, மாமா திரும்பத் திரும்பப் புதிது வாங்கினார். பண்ணைப்புரம் அப்போது நம் மதுரை ஜில்லாதான். “நம்ம ஜில்லாப் பய போட்ட பாட்டு” என்று சொல்லிச் சொல்லி முள்ளை இறக்குவார். பகலெல்லாம் இந்தப் பெட்டிகளுக்குத்தான் வேலை.

கட்டிலுக்கடியில் இன்னொரு பெட்டி இருந்தது. அது வாடகைக்குப் போகாது. அதில் இருந்தவை எல்லாம் பன்னிரண்டு அங்குல எல்.பி.க்கள். அட்டைகளில் கறுப்பு மனிதர்களின் முகங்கள், ஊதுகிற வாய்கள், வியர்வை. ஜான் கோல்ட்ரேன், எரிக் டால்ஃபி, ஆர்னெட் கோல்மன். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு நான் மாமாவிடம் கேட்பேன்: “இவங்கள்லாம் எந்த ஊரு மாமா?” “நாயனக்காரவுகதான். ஊருதேன் தூரம்” என்பார்.

அந்தப் பெட்டி நிறைந்த கதை நீளமானது. முதலில் தட்டு கிடையாது, காற்றில் வந்ததுதான். ராத்திரி கடையடைத்த பிறகு மாமா சிற்றலையைத் திருகுவார். இலங்கை வானொலி போகும், பீக்கிங் போகும், ஏதோ ஒரு பாஷையில் செய்தி போகும். பிறகு வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் கனத்த, நிதானமான ஒரு குரல் வரும். வில்லிஸ் கானோவர். 1955-லிருந்து ராத்திரிதோறும் உலகத்துக்கெல்லாம் ஜாஸ் போட்டுக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைப்பது மாதிரி பேசுவார். இங்கிலீஷ் அரைகுறையாகத் தெரிந்த மாமாவுக்கே புரியும். அலை ஏறி இறங்கும், நடுவில் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம் வந்து பாட்டை மூடும். மாமா ஏரியல் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் அசையாமல் நிற்பார். அவர் கையை எடுத்தால் பாட்டு போய்விடும்.

தட்டுகள் வந்தது மதுரை வழியாக. அமெரிக்கன் கல்லூரிக்கு ஓபர்லின் கல்லூரியிலிருந்து இளவட்டங்கள் இரண்டு வருஷத்துக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்து போவார்கள். அந்த ஓபர்லினில்தான் 1953-ல் டேவ் புரூபெக் வாசித்துப் பதிவான கச்சேரி ஒரு தட்டாகவே வந்திருக்கிறது. அப்படி வந்த ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, கனம் தூக்க முடியாமல் முப்பது நாற்பது தட்டுகளை ஒரு புரொபசரிடம் விட்டுவிட்டுப் போனார். புரொபசர் வீட்டில் கேட்கிற மிஷின் இல்லை. மிஷின் இருக்கிற ஆள் மேலூரில் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, ஒரு சனிக்கிழமை சாயந்தரம் பாண்டியன் பஸ்ஸில் மடியில் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். மாமா ஓடிப்போய்க் கையேந்தி வாங்கிய விதம் எனக்கு இப்போதும் தெரிகிறது. பிள்ளை வாங்குகிற மாதிரி வாங்கினார். பிறகு மாமாவே பட்டணம் போகும்போதெல்லாம் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் மூர் மார்க்கெட்டில் தேடி ஒன்றிரண்டு சேர்த்தார்.

சனிக்கிழமை ராத்திரிக்கென்று ஒரு முறை உண்டு. ஆட்கள் நாலு பேர், அஞ்சு பேர். புரொபசர் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டுத் தங்கிவிடுவார். வேட்டி நுனியில் கடலை முடிந்துகொண்டு தமிழய்யா வருவார். ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரர் வருவார், அவர் பேசவே மாட்டார். கோயிலில் வாசித்து ஓய்ந்த நாயனக்காரத் தாத்தா வருவார். அவருக்கு மட்டும் நாற்காலி. மற்றவர்களுக்குச் சாக்கு. எனக்கும் உனக்கும் நெல் மூட்டை.

மாமா கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தட்டை எடுப்பார். “மருமகனே, நடுவுல தொடாத. ஓரத்துல பிடி” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். துவைத்துத் துவைத்து மல்லாய்ப் போன வேட்டித் துண்டால் வட்டமாகத் துடைப்பார். வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்ப்பார். 78-க்கு ஒரு முள், எல்.பி.க்கு ஒரு முள். பிக்கப்பின் மூக்கில் இருக்கிற சின்னப் பிடியை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்ப வேண்டும். மறந்துபோய் 78 முள்ளை எல்.பி. மேல் வைத்தால் வரி போய்விடும். அந்த ஒரு நொடியில் மாமா மூச்சு விடமாட்டார். நாமும் விட மாட்டோம். முள் இறங்கும். எண்ணெயில் சீரகம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். அந்தப் பொரிசலைக் கேட்டதும் தாத்தா கண்ணை மூடிக்கொள்வார். பாட்டு வர இன்னும் மூன்று நொடி இருக்கும். அந்த மூன்று நொடியை நான் அதற்குப் பிறகு எங்கேயும் கேட்கவில்லை.

‘இந்தியா’ என்று கோல்ட்ரேன் ஒரு பாட்டுக்குப் பேர் வைத்திருந்தார். 1961 நவம்பரில் நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்ட் என்ற இடத்தில், ஆட்களுக்கு முன்னால் வாசித்தது. 1963-ல் ‘இம்ப்ரெஷன்ஸ்’ தட்டில் வந்தது. மாமா அதைப் போட்ட ராத்திரி. அடியில் ஏதோ ஒன்று விடாமல் உறுமிக்கொண்டே இருக்கிறது, மேலே சொப்ரானோ சாக்ஸபோன் ஏறுகிறது. தாத்தா கண்ணைத் திறந்தார்.

“ஏப்பா, ஒத்து ஊதுறது யாரு?”

யாருக்கும் பதில் தெரியவில்லை. புரொபசர் அட்டையைத் திருப்பி விளக்கடியில் வைத்துப் படித்தார். ஒத்து கிடையாது. பேஸ் வாத்தியக்காரர் இரண்டு பேர் இருக்கிறார்கள், ரெஜ்ஜி வொர்க்மன், ஜிம்மி கேரிசன். ஒருவர் போதும் என்கிற இடத்தில் கோல்ட்ரேன் இரண்டு பேரை நிறுத்தி, அந்த ஆதாரச் சத்தத்தை அறாமல் வைத்திருக்கிறார். தாத்தா தலையை ஆட்டினார். “அப்படியா. பேரு என்னமும் வச்சுக்கங்க. அவன் ஒத்துதேன் கேட்டிருக்கான்.” ரவிசங்கரிடம் கோல்ட்ரேனுக்கு எவ்வளவு பிரியம், பிறகு தன் மகனுக்கே ரவி என்று பேர் வைத்தார் என்பதையெல்லாம் புரொபசர் பின்னால் சொன்னார். தாத்தாவுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. காது கண்டுபிடித்துவிட்டது.

அன்றைக்கே அவர் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் போடச் சொன்னார். 78 தட்டு. ஒரு பக்கம் மூன்று நிமிடச் சொச்சம்தான் ஓடும். ராத்திரி முழுக்கத் தோடி வாசிக்கிற மனிதர் அந்த மூன்று நிமிடத்துக்குள் எப்படி உட்கார்ந்தார் என்பது தாத்தாவுக்குத் தீராத ஆச்சரியம். அந்த ராஜரத்தினம்தான் ஒத்தை வேண்டாமென்று விட்டுவிட்டுத் தம்புராவைச் சுருதிக்கு வைத்தவர். நரசிங்கன்பேட்டை ரங்கநாத ஆசாரியைக் கொண்டு நீளமான, சுருதி இறங்கிய பாரி நாயனத்தைச் செய்ய வைத்தவர். குடுமியை எடுத்தார், கோட்டுப் போட்டார். தாத்தா அவர் வாசிப்பை நேரில் கேட்டவர். “அந்தக் காலத்துல வைதாய்ங்கப்பு. மரபைக் கெடுத்துட்டான்னு வைதாய்ங்க. பெறகு எல்லாப் பயலும் பாரிதேன் வாசிச்சான்.” 1956-ல் ராஜரத்தினம் போனார். 1967-ல் நாற்பது வயசில் கோல்ட்ரேன் போனார். அந்தக் கட்டிலடிப் பெட்டியில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தார்கள். பத்து அங்குலத் தோடித் தட்டின் காகித உறை கிழிந்துவிட்டதால் மாமா அதை ‘இம்ப்ரெஷன்ஸ்’ அட்டைக்குள்ளேயே செருகி வைத்திருந்தார்.

புரியாத தட்டுகளும் இருந்தன. ஆர்னெட் கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’ முதல் தடவை ஓடியபோது தமிழய்யா எழுந்து வெளியே போய்விட்டார். 1960 டிசம்பரில் எட்டுப் பேரை ஒரே அறையில் நிறுத்தி, நிறுத்தாமல் முப்பத்தேழு நிமிடம் வாசித்தது. எட்டுப் பேரும் இரண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டியின் வாசிப்பு இடது பக்கத்திலிருந்தும் இன்னொன்று வலது பக்கத்திலிருந்தும் வர வேண்டும். மாமாவிடம் இருந்ததோ ஒற்றைக் குழாய் கட்டுகிற பழக்கம். ஒரு வாரம் யோசித்தார். மறுசனிக்கிழமை இரண்டு அஹுஜா ஆம்ப்ளிஃபயரை எடுத்து வைத்து, பிக்கப்பிலிருந்து வருகிற ஒயர்களைப் பிரித்து ஒரு ஜோடியை ஒன்றுக்கும் மற்ற ஜோடியை இன்னொன்றுக்கும் கொடுத்தார். ஒரு பெட்டி மேற்குச் சுவரோரம், ஒரு பெட்டி கிழக்குச் சுவரோரம். நடுவில் நாம்.

கொடிக்கால்காரர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். “இது ரெண்டு செட் மேளம்ல.”

அவ்வளவுதான், அறை வெளிச்சமாகிவிட்டது. நம்மூர்த் திருவிழாவில் இரண்டு செட் நையாண்டி மேளத்தை எதிரெதிரே நிறுத்திவிட்டு நடு ராத்திரியில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். இந்தச் செட் நாயனம் ஒரு பிடி பிடிக்கும், அந்தச் செட் அதைப் பிடுங்கிக்கொண்டு போகும். பம்பையும் தமுக்கும் தவிலும் ஒன்றன்மேல் ஒன்று விழும். எது யார் வாசிப்பு என்று தெரியாத ஒரு கட்டம் வரும். அந்தக் கட்டத்தில்தான் பொம்பளைகளுக்கு அருள் இறங்கும். தமிழய்யாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து மறுபடியும் முதலிலிருந்து போட்டார்கள். இந்தத் தடவை அவர் எழுந்திருக்கவில்லை. டான் செர்ரியின் எக்காளத்துக்குப் பதில் சொல்கிறவன் எந்தப் பெட்டியில் இருக்கிறான் என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாஸ் என்றால் நகரத்து ஓட்டல் சங்கீதம், படித்தவர்கள் சமாச்சாரம் என்று பிற்பாடு நான் நிறையப் பேர் சொல்லக் கேட்டேன். எனக்கு அதை ஏற்கவே முடியாது. வயல்காட்டுத் திருவிழாவில் ராத்திரி கண்விழித்த காது அந்தத் தட்டுக்குப் போதும்.

சண்டையும் நடக்கும். 1958-ல் புரூபெக் மதராசுக்கு வந்தபோது பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்ததைப் புரொபசர் சொல்வார். மறுவருஷம் வந்த ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கை. தாத்தா தொடையில் கண்டசாபு போட்டுப் பார்த்துவிட்டு, “சரியாத்தேன் வருது. ஆனா அஞ்சு அஞ்சாவே போய்க்கிட்டிருக்கான். ஒரு தடவையாச்சும் ஒளிஞ்சு வந்து பிடிக்க வேணாமா?” என்பார். புரொபசருக்குக் கோபம் வந்துவிடும். அந்த விவாதம் டீக்கடை வரை நீளும். ராத்திரி பன்னிரண்டரைக்குப் பஸ் ஸ்டாண்டு எதிரில் பரோட்டாக் கல் ஓய்கிற நேரம் வரை நீளும்.

‘சக்தி’யின் முதல் தட்டு 1976-ல் வந்தது. புரொபசருக்குத் தெரிந்தவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். ஜான் மெக்லாக்ளினின் கித்தார், எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேன். அதில் ராம்நாடு ராகவன் மிருதங்கம் என்று அட்டையில் பார்த்ததும் தமிழய்யாவுக்குத் தலைகால் புரியவில்லை. “ராம்நாட்டுக்காரரய்யா! நமக்கு அடுத்த சீமை!” விக்கு விநாயகராமின் கடம் வருகிற இடத்தில் மாமா முள்ளைத் தூக்கித் தூக்கி அதே வரியில் மறுபடி மறுபடி வைத்தார். அது மானாமதுரைக் கடமா, மதராஸ் கடமா? மானாமதுரைக் கடம் கனம், தட்டினால் வெண்கலம் மாதிரி ரீங்காரம் போகும், விரல் நோகும். மதராஸ் கடம் லேசு, சத்தம் மெத்தென்று இருக்கும். இரண்டு சனிக்கிழமை இதுவே பேச்சு. தீர்ப்பு வரவில்லை. மூன்றாம் வாரம் கொடிக்கால்காரர் மானாமதுரைக்கே போய்ச் சூளையில் ஒரு கடம் வாங்கிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். தட்டு ஓடும்போது கூடவே தட்டிப் பார்க்கத்தான்.

சார்லி மரியானோ என்று ஒருத்தர். பாஸ்டன்காரர், சாக்ஸபோன். மலேசியாவுக்கு வேலையாகப் போன இடத்தில் நாகஸ்வரத்தைக் கேட்டு மயங்கி, அதைக் கற்றுக்கொண்டு, இந்தியாவுக்கும் வந்து படித்து, தன் தட்டுகளில் ஊதினார். பிறகு பெங்களூர் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்க்கஷனோடும் ஆர்.ஏ. ரமாமணியின் பாட்டோடும் வாசித்து 1983-ல் ‘ஜோதி’ என்று தட்டுப் போட்டார். அவர் நாயனம் ஊதிய ஒரு கேசட்டைத் தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினோம். அப்போது தாத்தாவுக்குப் பல் எல்லாம் போய்விட்டது. மடியில் இன்னும் சீவாளிக் கொத்து மட்டும் வைத்திருப்பார். ரொம்ப நேரம் கேட்டார். “சீவாளியப் பதமா நனைச்சிருக்கான்” என்றார். அதைவிடப் பெரிய பாராட்டை அவர் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை.

கேசட் என்றேன் அல்லவா. எல்லாம் அதோடு மாறிக்கொண்டு வந்தது. குழாய்க்காரர்களுக்குக் கேசட் வசதி. துடைக்க வேண்டாம், முள் வேண்டாம். கல்யாணப் பெட்டியும் சாமிப் பெட்டியும் பரணுக்குப் போயின. 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. பேப்பரில் படத்தைப் பார்த்துவிட்டு மாமா அன்றைக்குக் கடை திறக்கவில்லை. புரொபசருக்கு மாற்றல். தாத்தா ஒரு மார்கழியில் போனார். மேளம் வாசிக்கத் திருவாதவூரிலிருந்து ஆள் வந்தது. சனிக்கிழமை யாரும் வருவதில்லை என்று எப்போது முடிவாயிற்று? அப்படி ஒரு நாள் எனக்கு ஞாபகத்தில் இல்லை. ஒரு வாரம் ஒருத்தர் வரவில்லை, மறுவாரம் இன்னொருத்தர் வரவில்லை. வயலில் தண்ணீர் வற்றுவதை யார் நாள் குறித்துப் பார்க்கிறார்கள்?

கடை ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை வெயிலில் அந்த அறை வெந்துவிடும். நான் வெளியூர் போய்ப் பல வருஷம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது எல்.பி.க்கள் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. மாமா காலமான பின் அத்தை பாதியை எடைக்குப் போட்டுவிட்டார். மீதி மதுரை திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போயிருக்க வேண்டும். ஸ்பானரும் பழைய செருப்பும் பரப்பிய சாக்குகளுக்கு நடுவில் நான் எத்தனையோ ஞாயிறு குனிந்து தேடியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் கிடைத்தது, வீட்டிலேயே, அரிசிப் பானைக்குப் பின்னால். ‘இம்ப்ரெஷன்ஸ்’ அட்டை. உள்ளே கோல்ட்ரேன் இல்லை. தோடி இருந்தது. ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. ஓட வைக்க என்னிடம் மிஷின் இல்லை. மெத்தென்ற துணி ஒன்றால் அவ்வப்போது துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு வைக்கிறேன்.

இப்போது அந்தத் தட்டுகள் அத்தனையும் போனில் இருக்கின்றன. வேன்கார்டில் கோல்ட்ரேன் வாசித்து நாலு ராத்திரி பதிவானதெல்லாம், அப்போது தட்டில் வராததும் சேர்த்து இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன். நாலுவழிச் சாலையில் ஒத்தக்கடை தாண்டி மேலூர் வருவதற்குள் ‘இந்தியா’ முடிந்துவிடுகிறது. போன வருஷம் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன். ஒரு செட் மேளம்தான் வைத்திருந்தார்கள். பத்து மணிக்கெல்லாம் ஆளுயரப் பெட்டிகள் வந்து இறங்க, மேளக்காரர்கள் நாயனத்தை உறையில் போட்டுக்கொண்டு ஓரமாய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். செக்கடிச் சந்தில் மாமா கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. கரும்புச்சாறு மிஷின் அதே முனையில்தான் இருக்கிறது.

ஒரு ராத்திரி கரண்ட் போனதே, அது உனக்கு நினைவிருக்கிறதா? பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள், ஊரெல்லாம் நனைந்த மண் வாசனையும் தவளைச் சத்தமும். ‘இந்தியா’ பாதி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று இருட்டு. சாக்ஸபோன் தொய்ந்து, தடித்து, ஆண் குரலாகி, மாடு முனகுகிற மாதிரி இறங்கி நின்றது. மாமா தீப்பெட்டியைத் தேடினார். அதற்குள் நாற்காலி இருந்த திசையிலிருந்து தாத்தா பாட ஆரம்பித்தார். நின்ற இடத்திலிருந்தே எடுத்தார். வாய்ப்பாட்டு, பொக்கை வாயால். அந்த அமெரிக்கன் விட்ட சுரத்தைப் பிடித்து, மெல்லத் தோடிக்குள் கொண்டுபோனார். புரொபசர் அடித்தொண்டையில் சுருதியைப் பிடித்தார், தமிழய்யா சேர்ந்துகொண்டார், மாமாவும். தீக்குச்சியை யாரும் கிழிக்கவில்லை.

எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. கரண்ட் வந்தது. தட்டு தானாகச் சுற்றத் தொடங்கியது. ஆனால் வால்வு சூடாக அரை நிமிடம் பிடிக்கும் அல்லவா, சத்தம் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் தட்டு மௌனமாகச் சுற்றிக்கொண்டிருக்க, தாத்தா கண்ணை மூடியபடி பாடிக்கொண்டே இருந்தார். பிறகு அவர் குரலுக்கு அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அந்த இரண்டு பேஸ் வாத்தியமும் ஏறி வந்தன. மாமா எழுந்துபோய் ஆம்ப்ளிஃபயரின் திருகாணியைப் பிடித்து, தாத்தாவின் குரலை மூடாத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அங்கேயே நின்றார்.